மைக்ரோ செக்கன் காந்தத்தை அளப்பது எப்படி?

உவர்மலையில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: ஜெனிவாவிலுள்ள சேர்ன் துணிக்கை ஆர்முடுக்கியில் சில காந்தங்கள் மைக்ரோ செக்கன்களுக்குள் உச்சத்துக்குப் போகின்றனவாமே, அதை எதைக்கொண்டு அளக்கிறார்கள்?

அவற்றை உதைகாந்தங்கள் என்று வைத்துக்கொள்வோம். 27 கிலோமீற்றர் வளையத்தைப் புரோத்தன்கள் செக்கனுக்கு 11,000 தடவைக்கு மேல் சுற்றுகின்றன. இந்தப் புரோத்தன் கற்றையை உதைத்து வெளியே தள்ள வேண்டுமென்றால், அதில் வேண்டுமென்றே புரோத்தன்கள் இல்லாமல் விட்டிருக்கும் 3 மைக்ரோ செக்கன் இடைவெளிக்குள் காந்தப் புலம் முழுதாக எழுந்துவிட வேண்டும். பிந்தினால் புரோத்தன்கள் அரைகுறையாக வளைந்து இயந்திரத்தில் மோதும்.

அளப்பது சாதாரணச் செப்புக் கம்பிச் சுருள்தான். 1831இல் பரடே கண்ட அதே தூண்டல்: காந்தப் புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் எழும். ஆனால் சுருள் சொல்வது புலத்தை அல்ல, புலம் மாறும் வீதத்தை. வேகமானியை மட்டும் பார்த்துக்கொண்டு மூதூர் பஸ் எவ்வளவு தூரம் வந்தது என்று கணக்குப் போடுவது மாதிரி, மின்னழுத்தத்தை நேரத்தோடு தொகையிட்டுச் சுருளின் பரப்பால் வகுக்க வேண்டும். ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள ஒற்றைச் சுற்றில், ஒரு மைக்ரோ செக்கனில் புலம் 0.1 தெஸ்லா (தெஸ்லா என்பது காந்தப் புலத்தின் அலகு) ஏறினால் 10 வோல்ற் வரும். சுற்றுகளைக் கூட்டினால் சமிக்ஞை பெருக்கும், ஆனால் சுருள் மந்தமாகிவிடும்.

சரி, இனித்தான் எனக்குப் பிடித்த இடம். உதைகாந்தத்துக்குக் கொடுப்பது ஆயிரக்கணக்கான வோல்ற். அந்த மின்புலமும் கொள்ளளவம் வழியாக, அதாவது கம்பி தொடாமலே, சுருளுக்குள் நுழைந்து, காந்தச் சமிக்ஞையோடு கலந்துவிடும். எப்படிப் பிரிப்பது? காந்தத்தை ஒரு தடவை இயக்கி, அந்தத் துடிப்பில் சுருள் தரும் சமிக்ஞையைப் பதிவு செய்துவிட்டு, சுருளை அதே இடத்தில் 180 பாகை திருப்பி, அடுத்த துடிப்பையும் பதிவு செய்கிறார்கள். காந்தத்தால் வந்தது குறி மாறும்; மின்புலத்தால் வந்தது அப்படியே நிற்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாதியாக்கினால் காந்தம் மட்டும் மிஞ்சும். கூட்டிப் பாதியாக்கினால் குப்பை மட்டும் மிஞ்சும், அதன் அளவும் தெரிந்துவிடும்! துடிப்புகள் அச்சொட்டாக ஒரே மாதிரி இருந்தால்தான் இது பலிக்கும். சுருளிலிருந்து வரும் கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவையே இன்னொரு சுருளாகிவிடும்.

கடைத்தெருவில் இரத்த ஓட்டத்தைச் சீராக்கும் என்று விற்கும் காந்தக் காப்பை இந்தச் சுருளில் வைத்துப் பாருங்கள். அசையாத வரை பூச்சியம்தான் காட்டும். அது ஏமாற்று என்பதற்கு இது ஆதாரமல்ல. ஆனால் விற்பவரிடம் ஆதாரம் கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாணவிக்கு: ஒரு மின்கலம், ஆளி, பெரிய சுருள், அதற்குள் சின்னச் சுருள், மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் ஓர் அலைவுகாட்டி போதும். ஆளியைப் போடும்போது திரையில் எழும் கூர்முனை, சின்னச் சுருளைத் திருப்பி வைத்தால் தலைகீழாகும். அலைவுகாட்டியைப் பாடப்புத்தகப் படத்தில் மட்டும் பார்த்துப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பாடசாலைக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் வண்ணப் பூச்சுக்கு முன் இதை வாங்கிக் கொடுக்கலாம்.