ஒரு பக்கம் மட்டும் சுடும் கார் ஹீற்றர்

கார்த்திகையில் முதல் உறைபனி விழுந்ததும் கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் கராஜுக்கு ஒரே முறைப்பாடு திரும்பத் திரும்ப வரும். "அண்ணை, மனுசி இருக்கிற பக்கம் நல்லாச் சுடுது, எனக்குத்தான் ஐஸ் காத்து." இன்னும் சிலர் முன்கண்ணாடியின் ஒரு பாதியில் மட்டும் பனி உருகுவதில்லை என்பார்கள். குளிரையாவது தாங்கிக்கொள்ளலாம். கண்ணாடி தெளியாமல் நெடுஞ்சாலையில் ஏறுவது விளையாட்டு இல்லை.

இதைக் கேட்டவுடன் டாஷ்போட்டுக்குள் சூட்டுக் காற்றையும் குளிர்காற்றையும் கலக்கும் கதவில் பிழை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தக் கதவை அசைக்கும் சின்ன மோட்டர் பழுதாவது உண்மைதான். ஆனால் எட்டு, பத்து வருடம் ஓடி, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்றை ஒருமுறைகூட மாற்றாத கார் என்றால் நான் முதலில் கூலன்றைத்தான் பார்ப்பேன்.

காரின் ஹீற்றருக்குச் சூடு வருவது என்ஜினிலிருந்து. என்ஜினைச் சுற்றிச் சூடேறிய கூலன்றில் ஒரு பங்கு இரண்டு ஹோஸ் வழியாக டாஷ்போட்டின் பின்னால் இருக்கும் ஹீற்றர் கோருக்குப் போய்த் திரும்புகிறது. அதுவும் ஒரு குட்டி ரேடியேற்றர்தான். அதன் அலுமினியக் குழாய்கள் மிக ஒடுக்கமானவை. துரு, செதில், களி என்று எது மிதந்து வந்தாலும் அங்கே சிக்கும். சில குழாய்கள் அடைபட்டால் கோரின் ஒரு பாதி சுடும், மறுபாதி ஆறிப்போய்க் கிடக்கும். எந்தப் பக்கம் குளிரும் என்பது அந்தக் காரில் கோர் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரிய ரேடியேற்றரில் இன்னும் ஓட்டம் இருப்பதால் வெப்பநிலை முள் ஒழுங்காகவே நிற்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

"கூலன்ற் நல்லாத்தான் இருக்கு, மைனஸ் 37 காட்டுது" என்று சிலர் சொல்வார்கள். அந்த எண் காட்டுவது உறைநிலையை மட்டும். எதிலீன் கிளைகோலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் ஏழு வருடம் கழித்தும் ஏறக்குறைய அதே எண்தான் வரும். தீர்ந்துபோவது அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்துகள். அவை தீர்ந்தபின் கிளைகோல் மெல்ல மெல்ல அமிலமாக மாறி அலுமினியத்தையும் இரும்பையும் அரிக்கத் தொடங்கும். கூலன்ற் சோதிக்கும் தாள்கீற்றை நனைத்தால் பிஎச் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். செலவு அற்பம், ஆனால் செய்பவர்கள் குறைவு.

குழாய்த் தண்ணீர் இன்னொரு வினை. ஊரில் ரேடியேற்றருக்கு வெறும் தண்ணீர் ஊற்றிப் பழகிய கை இங்கேயும் அதையே செய்கிறது. கிச்சனர், குவெல்ஃப் பக்கம் நிலத்தடி நீர், கடும் வன்நீர். அது உள்ளே செதிலாகப் படியும். கடையில் நாலு லீற்றர் காய்ச்சி வடித்த நீர் வாங்கிக் கூலன்றோடு கலந்து ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து இரண்டு வகைக் கூலன்றைக் கலக்கவும் வேண்டாம். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்ற நிறங்களுக்குப் பொதுவிதி எதுவும் இல்லை. காரின் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதுதான் சரி.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? என்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து கூலன்றின் மட்டத்தைப் பாருங்கள். சூட்டில் திறந்தால் முகம் வெந்துபோகும். மட்டம் குறைந்திருந்தால் ஹீற்றர் கோரில் காற்று சிக்கியிருக்கலாம். ஸ்ராட் பண்ணியதும் டாஷ்போட்டுக்குள் தண்ணி ஓடுவதுபோலச் சத்தம் கேட்கும். மட்டம் சரியாக இருந்தும் முள் நடுவுக்கு வராவிட்டால், ரேடியேற்றருக்குப் போகும் கூலன்றைத் திறந்து மூடும் தேர்மோஸ்ராற் திறந்தபடி நின்றிருக்கும். அப்போது இரண்டு பக்கமும் மந்தமான சூடுதான் வரும்.

இவை சரி என்றால் ஹீற்றர் கோருக்குப் போய் வரும் இரண்டு ஹோஸையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளப்பேன். என்ஜின் சூடாக வேண்டும், விசிறி குறைந்த வேகத்தில் ஓட வேண்டும். உள்ளே போவது 85 பாகை, வெளியே வருவது 45 என்றால் அடைப்பு. இரண்டும் நல்ல சூடு என்றால் கலக்கும் கதவைப் பார்க்கலாம். ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். பாதிக் குழாய்கள் திறந்திருந்தால் திரும்பி வரும் ஹோஸும் ஓரளவு சுடும். அதனால் குளிரும் பக்கத்தின் வெப்பக் கட்டுப்பாட்டை முழுக் குளிரிலிருந்து முழுச் சூட்டுக்குத் திருப்பிப் பார்ப்பேன். வரும் காற்றில் கொஞ்சமாவது மாற்றம் தெரிந்தால் கதவு அசைகிறது, சந்தேகம் மறுபடி கோருக்கு வரும். என்ஜினைக் கொஞ்சம் முறுக்கினால் சூடு கூடி, விட்டதும் குறைந்தால் கூலன்ற் பம்பின் இறகுகளையே துரு தின்றிருக்கவும் கூடும்.

அடைப்புத்தான் என்றால் இரண்டு ஹோஸையும் கழற்றி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவுவோம். அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். முழு வேகத்தில் விட்டால் பழைய கோர் வெடித்துவிடும். பழுப்பு நிறச் சேறு வரும், சிலவேளை களிபோலத் திரண்டு வரும். தெளிந்த நீர் வந்து இரண்டு பக்கமும் சுட்டால் நல்லது. சுடாவிட்டால் கோரை மாற்ற வேண்டும். அநேக கார்களில் அதற்கு டாஷ்போட்டையே இறக்க வேண்டியிருப்பதால் கூலிதான் பெரிய செலவு.

புதுக் கோர் போட்டும் அடுத்த வருடமே ஒழுகினால் கசிவு மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். இங்கே வீதியில் கொட்டும் உப்பு பற்றரியைக் காரின் உடலோடு இணைக்கும் தரை இணைப்புப் பட்டியை அரித்துவிடும். மின்சாரம் அப்போது கூலன்ற் வழியாகத் திரும்ப வழி தேடி, போகிற போக்கில் அலுமினியத்தில் ஓட்டை போடும். மல்ரிமீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் மைனஸ் (−) முனையில் வைத்து, சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்றில் தோய்த்துப் பாருங்கள். 0.1 வோல்ற்றுக்குள் இருந்தால் பயமில்லை. 0.3 தாண்டினால் கவனிக்க வேண்டும். எல்லாம் நிறுத்தியிருக்கும்போதும் அதே அளவு காட்டினால் கூலன்றே கெட்டுவிட்டது. ஹெட்லைற்றையோ விசிறியையோ போட்டதும் எகிறினால் அதன் தரை இணைப்பைத் தேடுங்கள்.

ஒழுக்கை அடைக்கவென்று போத்தலில் விற்கும் மருந்தை மட்டும் தயவுசெய்து ஊற்ற வேண்டாம். ஒழுக்கோடு ஹீற்றர் கோரையும் சேர்த்து அடைத்துவிட்டு வந்த கார்களைக் கழுவியே எங்களுக்குக் கை வலிக்கிறது. காருக்குள் இனிப்பு வாசம் வந்தாலோ, முன்கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தாலோ, காலடிக் கம்பளம் நனைந்தாலோ கோர் ஏற்கெனவே ஓட்டை. உடனே கொண்டுவாருங்கள்.

வீட்டில் நீங்களே கூலன்ற் மாற்றுவதென்றால் வடித்ததைச் சாக்கடையிலோ புல்லிலோ ஊற்றாதீர்கள். அது இனிக்கும். பூனை, நாய், குழந்தை யார் நக்கினாலும் சிறுநீரகம் போய்விடும். மூடியுள்ள பாத்திரத்தில் பிடித்து, நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.