‘நிபந்தனைக் கூற்று’: இரண்டு சொல்லுமே தப்பு

போன வாரம் அலுவலகத்தில் ஒரு தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். சர்வரில் டிஸ்க் 90 சதவீதத்தைத் தாண்டினால் மெயில் அனுப்ப வேண்டும், அந்த ஷெல் ஸ்கிரிப்டுக்கு (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு, ஷெல் என்ற நிரல் அதை ஓட்டும்) அவ்வளவுதான் வேலை. டிஸ்க் 40-இல் கிடக்கிறது, மெயிலோ மணிக்கொரு தரம் வந்து விழுகிறது. “அண்ணா, நிபந்தனை பொய்தானே, அப்புறம் ஏன் உள்ளே போகுது?” என்றார். தமிழ் வீடியோக்களைப் பார்த்து ஷெல் கற்றவர், அதனால் வாயைத் திறந்தால் நிபந்தனை, நிபந்தனைக் கூற்று, நிபந்தனை உண்மையானால். ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்று நிரலில் எழுதும் இஃப் (if) வரிக்கு, அதாவது கண்டிஷனல் ஸ்டேட்மெண்டுக்கு, வழங்கும் தமிழ் இது. இதை எத்தனையோ தடவை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சொல்லே ஒருவரைத் தவறான இடத்தில் பிழை தேட வைத்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சொற்பிறப்பைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நிபந்தனை வடசொல், கட்டுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வருவது. பந்தம், பந்தனம் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். கோயில் கல்வெட்டுகளில் விளக்கெரிக்க, அமுது படைக்க என்று எழுதிவைத்த ‘நிவந்தம்’ வருமே, அதுவும் நெருங்கிய உறவுதான். கண்டிஷன் என்பது லத்தீனிலிருந்து வந்தது, கூடிப் பேசி ஒத்துக்கொண்டது என்பது அதன் பழைய பொருள். ஆக வாடகை ஒப்பந்தத்தில் வரும் கண்டிஷனுக்கு நிபந்தனை என்பது அச்சாகப் பொருந்தும்.

ஆனால் இஃப்புக்குப் பக்கத்தில் நிற்பது அந்தக் கண்டிஷன் இல்லை. வீட்டுக்காரர் நமக்கு நிபந்தனை போடுவார், நீதிமன்றம் நிபந்தனை ஜாமீன் கொடுக்கும். ஒருவர் விதிக்க, இன்னொருவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும். நிபந்தனை நிறைவேறும் அல்லது மீறப்படும். ‘நிபந்தனை உண்மையானால்’ என்று எந்தத் தமிழர் வீட்டிலாவது யாராவது பேசிக் கேட்டதுண்டா? டிஸ்க் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை, அது பாட்டுக்கு நிரம்பிக்கொண்டிருக்கிறது.

கூற்று அதைவிட மோசம். கூறுவது கூற்று. தேர்வில் ‘கூற்று, காரணம்’ என்று ஒரு கேள்வி வருமே, அது சரியான பயன்பாடு, அங்கே ஒரு செய்தி சொல்லப்படுகிறது, சரியா தவறா என்று நாம் பார்க்கிறோம். ஷெல்லில் ஒரு வரி எதையும் கூறுவதில்லை, ஏவுகிறது. யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரநிலையே இஃப்பைக் கூட்டுக் கட்டளை என்ற வகையில்தான் வைத்திருக்கிறது. (கூற்று என்றால் எமன் என்றும் ஒரு பொருள் உண்டு. சில ஸ்கிரிப்டுகளைப் பார்த்தால் அந்தப் பொருளில்தான் வைத்தார்களோ என்றுகூடத் தோன்றும்.)

இது வெறும் சொல் சண்டை என்றால் விட்டிருப்பேன். ஷெல்லில் இஃப் என்ன செய்கிறது என்று பாருங்கள். சி மொழியில் அடைப்புக்குறிக்குள் ஒரு கணக்கை எழுதுகிறோம், மதிப்பு வருகிறது. ஷெல்லில் அது கிடையாது. இஃப்புக்குப் பக்கத்தில் நிற்பது ஒரு கட்டளை. ஷெல் அதை ஓட்டுகிறது, அது முடியும்போது விட்டுச்செல்கிற எண்ணைப் பார்க்கிறது. பூஜ்யம் என்றால் தென் (then) பக்கம், வேறு எந்த எண்ணாக இருந்தாலும் எல்ஸ் (else) பக்கம். அவ்வளவுதான். அந்தச் சதுர அடைப்புக்குறி [ இருக்கிறதே, அதுகூட ஒரு கட்டளையின் பெயர்தான். லினக்ஸில் அந்தப் பெயரிலேயே ஒரு நிரல் கோப்பு இருக்கும், டெஸ்ட் என்ற கட்டளைக்கு அது இன்னொரு பெயர். மூடும் அடைப்புக்குறி அந்தக் கட்டளைக்குக் கொடுக்கும் கடைசி உருப்படி. அதனால்தான் [ பக்கத்தில் இடைவெளி விடாமல் எழுதினால் ‘கட்டளையைக் காணவில்லை’ என்று திட்டுகிறது. நிபந்தனை என்று மனப்பாடம் பண்ணியவருக்கு அடைப்புக்குறி ஏன் கட்டளை ஆகிறது என்று விளங்கவே விளங்காது.

தம்பியின் வரிக்கு வருகிறேன், தமிழெழுத்தில் தருகிறேன்: இஃப் [ $பயன்பாடு > 90 ]. நிபந்தனைக் கண்ணால் பார்த்தால் பழுதே தெரியாது, 40 எங்கே 90 எங்கே. கட்டளைக் கண்ணால் பார்த்தால்? கட்டளை வரியில் > வந்தால் ஷெல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: வெளியீட்டைக் கோப்பில் போடு. எனவே 90 என்ற பெயரில் ஒரு கோப்பு திறக்கப்படுகிறது, மிச்சம் இருப்பது [ 40 ]. ஒரே ஒரு உருப்படி இருந்தால் டெஸ்ட் கேட்கும் கேள்வி ‘இது வெற்றாக இல்லைதானே?’ என்பது மட்டும். 40 வெற்று இல்லை. பூஜ்யம். மெயில் போ! அவருடைய ஹோம் டைரக்டரியில் போய்ப் பார்த்தோம், 90 என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பு சமத்தாக உட்கார்ந்திருந்தது. பாஷ் (bash) என்ற ஷெல்லை, ஓடும் கட்டளைகளைக் காட்டும் -எக்ஸ் போட்டு ஓட்டினால் இந்த [ 40 ] கண்ணெதிரே வரும், திசைதிருப்பும் குறியை அது காட்டாது. தம்பி அதையும் ஓட்டிப் பார்த்திருக்கிறார். “நிபந்தனையில பாதியைக் காணோம், பாஷ்ல பக் போல” என்று முடிவுகட்டிவிட்டார்.

உண்மை, பொய் என்ற ஜோடியும் இதே ரகம். கோப்புக்குள் சொல் தேடும் கட்டளையான கிரெப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோப்பே இல்லை என்பது மாதிரிக் கோளாறு என்றால் 2. இரண்டாவதும் மூன்றாவதும் எல்ஸ் பக்கம்தான் போகும். ‘பெயர் பட்டியலில் இல்லை’ என்பதும் ‘பட்டியலே இல்லை’ என்பதும் ஒரே கிளையில் போய் விழ, ஸ்கிரிப்ட் ஏற்கெனவே இருக்கிற ஆளை மறுபடி சேர்த்துவைக்கும். $பயன்பாடு மாதிரியான ஒரு மாறி (வேரியபிள்) வெற்றாக இருந்து, மேற்கோள்குறியும் போடாமல் விட்டு, [ குழம்பிப் போய்க் கத்தும்போதும் விட்டுச்செல்வது 2 தான், அதுவும் எல்ஸ் பக்கமே. இதைப் ‘பொய்’ என்று எப்படிச் சொல்வது? யார் பொய் சொன்னது? கட்டளை தேறியது, தேறவில்லை என்று சொல்லிப் பாருங்கள், தேறாததற்குப் பல காரணம் இருக்கலாம் என்று அந்தச் சொல்லே இடம் விடுகிறது. கட்டளை விட்டுச்செல்லும் அந்த எண்ணுக்கு (எக்ஸிட் ஸ்டேட்டஸ்) ‘வெளியேறும் நிலை’ என்று ஒரு மொழிபெயர்ப்பு உலவுகிறது, பஸ் நிலையத்தில் எழுதிவைத்த மாதிரி. 0 முதல் 255 வரை உள்ள ஒரு எண் அது. முடிவெண் என்றால் தீர்ந்தது.

சரி, இஃப்புக்கு என்ன? எனில் கட்டளை என்பேன், அதற்குப் பக்கத்தில் நிற்பதைச் சோதனை என்பேன். நிபந்தனை இல்லாமலே தமிழில் இதைச் சொல்ல வழி ரொம்பப் பழையது. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடு ஒன்பதைச் சொல்லும்போது ‘செயின்’ (செய்தால்) என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. வந்தால், பெய்தால், நிரம்பினால் என்று இன்றும் அதை விடாமல் பேசுகிறோம். தமிழிலேயே எழுதும் எழில் நிரல்மொழியைச் செய்தவர்கள் ‘ஆனால்’ என்று வைத்தார்கள், அதையும் சோதனைக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வைத்தார்கள், தமிழ் வாக்கியம் ஓடும் திசையிலேயே. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஒரே குறை, எழுத்துத் தமிழில் ‘ஆனால்’ என்றதும் முதலில் மனசுக்கு வருவது மறுத்துப் பேசும் ஆனால். எனில் என்பதில் அந்த இடறல் இல்லை. ஷெல்லில் இஃப்பைத் திருப்பிப்போட்டு ஃபி (fi) என்று முடிப்பது அல்கால் 68 என்ற பழைய நிரல்மொழியில் இருந்து ஸ்டீவன் பார்ன் 1979 யூனிக்ஸுக்குக் கொண்டுவந்த வழக்கம். டூ (do) என்று தொடங்கும் லூப்பை அதே பாணியில் ஓடி (od) என்று முடிக்கலாமென்றால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டளை இருந்தது, அதனால் டன் (done). அவர்களே இப்படிச் சொல்லோடு விளையாடியிருக்கிறார்கள், நாம் மட்டும் பத்திர எழுத்தர் மாதிரி நிபந்தனை நிபந்தனை என்கிறோம்.

“சோதனையும் வடசொல்தானே, அதை மட்டும் எப்படி விடுகிறாய்?” என்று ஒருவர் மடக்கினார். ஆமாம், இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குத் தூய்மைச் சண்டை இல்லை. சோதனை என்றால் என்ன நடக்கிறது என்று புரிகிறது, நிபந்தனை என்றால் புரியவில்லை. “சொல் நிலைத்துவிட்டதே” என்பதும் ஒரு வாதமா? தப்பான ஊர்ப்பலகை இருபது வருஷம் நின்றால் ஊர் மாறிவிடுமா?

என் கோபம் சொல்லைவிடச் சொற்பட்டியல் போடுகிறவர்கள் மேல்தான். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் ஏதோ ஓர் அகராதி கொடுத்த முதல் பொருள், நிரப்பிக்கொண்டே போகிறார்கள். செயலியை நிறுவும்போது ‘விதிமுறைகளும் நிபந்தனைகளும்’ என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்களே, அதே நிபந்தனைதான் இஃப்புக்கும். ஒரு தடவை டெர்மினலைத் திறந்து அந்தக் கட்டளையை ஓட்டிப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

தம்பிக்கு > குறியை எடுத்துவிட்டு ‘அதைவிடப் பெரிது’ என்று பொருள்படும் -ஜிடி (-gt) போடச் சொன்னேன், $பயன்பாடுக்கு மேற்கோள்குறியும். மறுநாள் பார்த்தால் எங்கோ படித்துவிட்டு அதை [[ என்று இரட்டையாக்கி, பழைய >-ஐயே திரும்ப வைத்திருக்கிறார். கோப்பு எதுவும் உருவாகவில்லை, 40-க்கு மெயிலும் வரவில்லை, ஆள் மகிழ்ச்சி. இரட்டை அடைப்பு பாஷின் தனி ஏற்பாடு, அதற்குள் > எழுத்து வரிசைப்படி ஒப்பிடும். 1 என்பது 9-க்கு முன்னால் வருவதால் 100 அதற்கு 90-ஐவிடச் சின்னது. டிஸ்க் முழுசாக நிரம்பும் அன்றைக்கு மட்டும் மெயில் வராது.