கையால் சுற்றினால் எந்த ப்ளோயரும் சுற்றும்

இந்த வருடத்தில் இது நான்காவது. சனிக்கிழமை காலை பட்டறைக் கதவைத் திறக்கும்போதே ஒருவர் பிக்கப் வண்டியின் பின்னால், போர்வை சுற்றிய ஒரு பொருளோடு காத்திருந்தார். பிரித்தால் 6-71 ப்ளோயர், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் பெட்டி. வெளியே முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பாலிஷ். உள்ளே சுற்றிக் காற்றைத் தள்ளும் இரண்டு ரோட்டாரும் ஒன்றையொன்று கடித்து அலுமினியம் உரிந்திருந்தது. உறையின் சுவரில் ஏர் உழுத மாதிரி கோடுகள். பழைய ஷெவர்லே வண்டியில் 350 கன அங்குல வி8 எஞ்சின் மேல் மாட்டி அவர் ஓட்டியது மொத்தம் பதினோரு மைல். உரிந்த துகளெல்லாம் எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். பதில் அவருக்கே தெரியும், எஞ்சினுக்குள்தான். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "கையால் சுற்றிப் பார்த்தேனே, வெண்ணெய் மாதிரி சுற்றியதே" என்றார்.

இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு மாதம் கழிந்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தெற்குக் கலிஃபோர்னியாவில் பதினெட்டு வருடமாக இந்த ப்ளோயர்களைப் பிரித்து மாட்டுவதுதான் என் வேலை. ஹாட் ராட் என்று வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய வண்டியின் பானெட்டைக் கிழித்துக்கொண்டு மேலே நிற்குமே அந்தப் பெட்டி, அதேதான். அது பிறந்த இடம் பந்தயத் திடல் அல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1938-இல் கொண்டுவந்த 71 வரிசை டீசல் எஞ்சின்களின் பாகம் அது. சிலிண்டர் ஒன்றுக்கு 71 கன அங்குலம், ஆறு சிலிண்டர் என்றால் 6-71. இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கரையிறக்கிய ஹிக்கின்ஸ் படகுகள், பேருந்துகள், லாரிகள், ஜெனரேட்டர்கள் என்று எங்கும் இந்த எஞ்சின் இருந்தது. போர் முடிந்ததும் உபரிச் சாமானாகக் குவிந்தது. பார்னி நவாரோ போன்ற பந்தயக்காரர்கள் சின்ன 3-71 ப்ளோயரை ஃபோர்ட் ஃப்ளாட்ஹெட் வி8 என்ற பழைய கார் எஞ்சின் மேல் ஏற்றிக் காட்டினார்கள். அன்று தொடங்கியது இந்தப் பைத்தியம். எனக்குச் சோறு போடுவதும் அதுதான், ஆகவே குறை சொல்லவில்லை.

குறை சொல்ல வேண்டியது ஒரே ஒரு நம்பிக்கையை. "டீசலில் நாற்பது வருடம் ஓடிய சாமான், பெட்ரோலில் ஓடாதா?"

ஓடாது. இருந்தபடியே எடுத்து மாட்டினால் ஓடாது. இதைப் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் கவுன்ட்டரில் நின்று சொல்லிச் சொல்லித் தொண்டை போய்விட்டது.

டீசலில் அந்த ப்ளோயருக்கு என்ன வேலை? அது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். புகையை வெளியே தள்ளிப் புதுக் காற்றை உள்ளே விட அதற்கென்று தனி இழுப்பு ஸ்ட்ரோக் கிடையாது. ப்ளோயர் ஊதினால்தான் எஞ்சின் கிளம்பவே கிளம்பும். ஊதுவது வெறும் காற்று. வேகமும் அளவானது. வேகத்தைப் பிடித்து நிறுத்தும் கவர்னர் என்ற பாகத்தால் எஞ்சின் நிமிடத்துக்கு 2100 சுற்று அளவில் கட்டுப்பட்டிருக்கும், ப்ளோயர் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுற்றும். முக்கியமான விஷயம், இந்த டீசலுக்குப் பெட்ரோல் எஞ்சினில் இருப்பது போன்ற, காற்றை மூடித் திறக்கும் த்ராட்டில் தட்டு இல்லை. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டீசலின் அளவை வைத்துத்தான். காற்றுப் பாதை எப்போதும் திறந்தே கிடக்கும்.

இப்போது அதே பெட்டியைப் பெட்ரோல் எஞ்சின் மேல் வைத்து, அதன் தலையில் இரண்டு கார்புரேட்டரை உட்கார்த்துங்கள். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும் ஐடிலில் த்ராட்டில் மூடியிருக்கிறது. கீழே எட்டு சிலிண்டரும் இழுக்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட ப்ளோயரின் உட்புறம் முழுக்க வெற்றிடம். தன் வாழ்நாளில் அந்த ஆயில் சீல்கள் பார்த்தே இராத வெற்றிடம். டீசலில் உள்ளே அழுத்தம் இருந்தது, எண்ணெய் வெளியே கியர் மூடிக்குள் இருந்தது, உள்ளிருந்த காற்றே எண்ணெயைத் தள்ளி வைத்தது. இங்கே எல்லாம் தலைகீழ். சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு முறையும் ப்ளோயர் தன் கியர் எண்ணெயைத் தானே உறிஞ்சிக் குடிக்கிறது. நீலப் புகை வருகிறது. பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று நினைத்து எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு. புகையோடு போனால் பரவாயில்லை. பெட்ரோலில் எண்ணெய் கலந்தால் ஆக்டேன் இறங்கும், பூஸ்ட் (ப்ளோயர் ஏற்றும் அழுத்தம்) ஏறும்போது பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எஞ்சின் நாக் அடிக்கும், பிஸ்டன் உடையும். பழைய சீலை வைத்துக்கொண்டு "எண்ணெய் குறைகிறதே, இன்னும் கொஞ்சம் ஊற்றலாமா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அளவுக்கு மேல் ஊற்றினால் அது நுரைத்து, சீல் வழியாக இன்னும் சுலபமாக உள்ளே போகும். பெட்ரோலையும் வெற்றிடத்தையும் தாங்கும் டெஃப்லான் சீல், கியர் மூடிக்கு ஒழுங்கான காற்றுத் துளை, அளவுக் கண்ணாடியின் கோடு வரை எண்ணெய். இதில் பேரம் கிடையாது.

(டீசல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் எஞ்சினிலும் இந்த சீல் சாதாரண விஷயம் இல்லை. கசிந்த எண்ணெயையே எரிபொருளாகத் தின்று, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் எஞ்சின் வெறிபிடித்து ஓடும். ப்ளோயரின் வாயில் அந்த அவசர மூடித் தகடு வைத்திருப்பது இதற்காகத்தான். அது துருப்பிடித்து இறுகிக் கிடந்தால் இன்றைக்கே சரிசெய்யுங்கள்.)

அடுத்தது வேகம். டீசலில் 4200 பார்த்த ரோட்டார், பெட்ரோல் எஞ்சினில் ஒன்றுக்கு ஒன்று புல்லி (எஞ்சின் வேகத்திலேயே ப்ளோயரைச் சுற்றும் பெல்ட் சக்கரம்) போட்டாலே 6000 பார்க்கும். வேகம் ஒன்றரை மடங்குகூடக் கூடவில்லை, ஆனால் ரோட்டாரின் இறக்கை போன்ற அலுமினிய மடல்களை வெளிப்பக்கம் இழுக்கும் விசை இரண்டு மடங்காகிவிடும். ரோட்டார் அலுமினியம், அதன் தண்டு எஃகு, அழுத்தி ஏற்றியது. பழைய ரோட்டாரில் அந்தப் பிடி தளர்ந்திருக்கலாம். தண்டு இம்மி நழுவினாலும் ரோட்டார் இரண்டும் மோதிக்கொள்ளும். அதனால்தான் தண்டுக்குக் குறுக்கே துளையிட்டு இரண்டு பூட்டு ஆணிகள் அடிக்கிறோம். கையால் சுற்றும்போது இதெல்லாம் தெரியுமா? கையால் நிமிடத்துக்கு முப்பது சுற்று சுற்றுவீர்களா?

இன்னொரு ரகம் உண்டு. "ரோட்டாருக்கும் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளியை நன்றாக நெருக்கி வைத்துக் கொடுங்கள், காற்று கசியக் கூடாது." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சூட்டுக்குக் காது கிடையாது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை நம் ஊர் லேத் பட்டறைகளில் தவ் என்பார்கள், அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். 6-71 ரோட்டார் ஏறக்குறைய 15 அங்குல நீளம். உறைக்கு வெளிக்காற்று படுகிறது, ரோட்டாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, சூடான காற்றுக்குள்ளேயே கிடக்கிறது. உறையைவிட ரோட்டார் 40 டிகிரி செல்சியஸ் கூடச் சூடானால் அது உறையைக் காட்டிலும் 14 தவ் அளவுக்கு நீளும். நீங்கள் 8 தவ் விட்டிருந்தால் மிச்சம் 6 தவ் எங்கே போகும்? பக்கத் தட்டைத்தான் அரைக்கும். ரோட்டார் நீள்வது போலவே பருக்கவும் செய்யும், சனிக்கிழமை வந்தவருக்கு நடந்தது அதுதான். பட்டறையில் ஜில்லென்று இருக்கும்போது வெண்ணெய், பதினோராவது மைலில் ஆட்டுக்கல்.

நான் எத்தனை தவ் விடுவேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அதை அப்படியே வைத்துவிட்டு என் பெயரைச் சொல்வார்கள். எவ்வளவு பூஸ்ட், என்ன எரிபொருள், என்ன புல்லி என்பதைப் பொறுத்து அது மாறும். கார்புரேட்டர் மேலே இருந்தால் ஆவியாகும் பெட்ரோல் ரோட்டாரைக் கொஞ்சம் குளிர்விக்கும். இன்ஜெக்டரை ப்ளோயருக்குக் கீழே, சிலிண்டர் வாயில் வைப்பவர்கள் வறண்ட ப்ளோயரை ஓட்டுகிறார்கள், அவர்களுக்கு இடைவெளி கூட வேண்டும். இதைச் சொல்லாமல் வேலையைக் கொடுத்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வராதீர்கள்.

வீட்டில் பிரித்தே தீருவேன் என்பவர்களுக்கு: கியர் இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்துக் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் இழுத்தால் சாய்ந்த பல் அடுத்ததைத் திருப்பி ரோட்டாரை மோத வைக்கும். கழற்றும் முன் குறி போடுங்கள். கியர் ஜோடியாகத்தான் மாற வேண்டும், ஒன்று பழசு ஒன்று புதுசு கதை வேண்டாம். கியருக்குப் பின்னால் இருக்கும் ஷிம்களை (மெல்லிய தகடுகளை) குப்பை என்று வீசிவிடாதீர்கள், ரோட்டார்கள் ஒன்றையொன்று தொடாமல் சுற்றும் பொருத்தம் அதில்தான் இருக்கிறது. 3 தவ் ஷிம் வைத்தால் ரோட்டார் 1 தவ் திரும்பும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை ஒரே இடத்தில் விட்டுப் பார்த்துத் திருப்திப்படாமல் ஒவ்வொரு மடலிலும், முன்னால், நடுவில், பின்னால் என்று அளந்து எழுதி வையுங்கள். பொடிக் கண்ணாடி மணிகளைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்தால் ஒரு மணி உள்ளே தங்கினாலும் பேரிங் காலி. பாலிஷ் போடும் முன் விரிசல் இருக்கிறதா என்று சாயம் தடவிப் பாருங்கள், பாலிஷ் போட்ட பிறகு விரிசலும் சேர்ந்து மின்னும். மாட்டிய பிறகு மேலிருந்து பார்த்தால் ரோட்டார்களின் மேல்முனைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சுற்ற வேண்டும். காற்று நடுவில் நசுங்கிப் போவதில்லை, இரண்டு ஓரச் சுவர்களையும் ஒட்டித்தான் கீழே போகிறது. இதைத் தெரியாமல் மாற்றிச் சுற்றவிட்டு, கார்புரேட்டர் ஏன் மூஞ்சியில் ஊதுகிறது என்று போன் செய்தவரும் உண்டு.

புல்லி விஷயத்தில் பேராசை வேண்டாம். 6-71 ஒரு சுற்றுக்குத் தள்ளுவது சுமார் 411 கன அங்குலம். உங்கள் 350 எஞ்சின் ஃபோர் ஸ்ட்ரோக், ஒரு சுற்றுக்கு 175தான் குடிக்கும். சாலை வண்டிக்கு ப்ளோயரை எஞ்சினின் கிராங்க் தண்டைவிட மெதுவாகச் சுற்றுவதுதான் முறை. 91 ஆக்டேன் பங்க் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு பந்தயக்கார் புல்லியைப் போடாதீர்கள்.

கடைசியாக, நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. இதுவரை சொன்னதெல்லாம் பணம் போகிற விஷயம். இது முகம் போகிற விஷயம். டீசலில் அந்தப் பெட்டிக்குள் காற்று மட்டும் இருந்தது. உங்கள் வண்டியில் அதற்குள்ளும் அதன் கீழே சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டிலும் நிரம்பியிருப்பது பெட்ரோல் கலந்த காற்று. தீ பின்னோக்கிப் பாயும் ஒரு பேக்ஃபயர் போதும், பெட்டி முழுவதும் ஒரே நேரத்தில் வெடிக்கும். 350 போன்ற ஷெவர்லே ஸ்மால் பிளாக் எஞ்சினில் 5-ஆம் சிலிண்டருக்கு அடுத்து எரிவது 7, இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. ப்ளக் வயர்களை ஒன்றாகக் கட்டிவிட்டால் 5-இன் பொறி 7-க்கும் தாவும். அந்த நேரத்தில் 7-இன் பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் சுமார் 120 டிகிரி பாக்கி, வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் பெரிய கேம் போட்டிருந்தால் அதன் இன்லெட் வால்வு முழுதாக மூடியிருக்காது. தீ நேராக ப்ளோயருக்குள் ஏறும். ஆகவே அந்த இரண்டு வயரையும் பிரித்து ஓட்டுங்கள். காற்றோடு கலக்கும் பெட்ரோலைக் குறைத்து வைக்காதீர்கள். மேனிஃபோல்டில் அழுத்தம் எகிறினால் தானே திறக்கும் பாப்-ஆஃப் வால்வோ, கிழிந்து வழிவிடும் பர்ஸ்ட் பேனலோ கட்டாயம் வையுங்கள். பந்தயக்காரர்கள் எஃகு போல்ட்டுக்குப் பதில் அலுமினிய ஸ்டட் போட்டு, மேலே வாரால் கட்டுவது அழகுக்கு அல்ல. வெடித்தால் ப்ளோயர் சிதறாமல் எழும்பி, வாருக்குள்ளேயே நிற்கட்டும் என்றுதான். த்ராட்டிலை அமுக்கிக்கொண்டு கார்புரேட்டருக்கு மேலே குனிந்து பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். எங்கள் பட்டறையிலேயே ஒருவருக்குப் புருவம் திரும்ப முளைக்க நான்கு மாதம் ஆனது.

சனிக்கிழமை வந்தவரின் ப்ளோயரில் கியர் இரண்டும், முன் மூடியும் தப்பித்தன. உறையின் உட்சுவரைக் கடைந்து பார்க்கலாம், ரோட்டார் குப்பைக்கு. எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்யாமல் புது ப்ளோயரை மாட்டித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆயில் பேனைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பினார். அடியில் வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.