முன்னணியா, முனையா?

பினாங்கில் போர்க்கால நினைவுக் கண்காட்சி ஒன்று. வாசலில் நான்கு மொழிகளில் விளக்கத்தாள் வைத்திருந்தார்கள். தமிழ்த் தாளின் தலைப்பு 'உள்நாட்டு முன்னணியில் பெண்கள்'. பக்கத்தில் நின்ற பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "இது பாரிசான் மகளிர் பிரிவா தம்பி?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். மலேசியாவின் 'பாரிசான் நேஷனல்' கட்சிக் கூட்டணிக்குத் தமிழில் தேசிய முன்னணி என்றுதான் பெயர்.

இந்த ஆண்டில் இந்த 'உள்நாட்டு முன்னணி' என் கண்ணில் படுவது மூன்றாவது முறை. ஆங்கில மூலம் 'ஹோம் ஃப்ரண்ட்' (home front): போர்க்காலத்தில் ஊரில் இருப்பவர்கள் சுமக்கும் பங்கு. அதை அப்படியே தமிழெழுத்தில் எழுதினாலும் ஆபத்துதான், நம் வாயில் 'வீட்டு நண்பன்' ஆகிவிடும்.

'ஃப்ரண்ட்' பிறந்த கதை எளிது. லத்தீனில் நெற்றியைக் குறித்த சொல் படை எதிரிக்குக் காட்டும் முகமாகி, பிறகு இரு படைகளும் மோதும் இடத்துக்குப் பெயரானது. முதல் உலகப்போரில் தொழிற்சாலையும் அடுப்படியும்கூடப் போரில் சேர்த்தி என்று ஆனபோது முன்னால் 'ஹோம்' ஒட்டிக்கொண்டது.

பொருளும் சிக்கலானதல்ல. பிரிட்டனில் 1940 ஜனவரி 8 அன்று வெண்ணெய்க்கும் சீனிக்கும் பதப்படுத்திய பன்றி இறைச்சிக்கும் ரேஷன் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹெர்பர்ட் மோரிசன் உள்துறையையும் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சையும் ஒருசேரக் கையில் எடுத்தார். குண்டு விழுந்த வீட்டுக்காரருக்கு இடம், ஊரைவிட்டு அனுப்பிய பிள்ளைகளுக்குச் சாப்பாடு, இரவில் விளக்கணைப்பு: துப்பாக்கி தூக்காதவர்களின் இந்தப் போருக்குத்தான் அந்தப் பெயர்.

இதில் முன்னணி எங்கே இருக்கிறது? அணி என்றால் வரிசை. படையில் முன்னால் நிற்கும் வரிசை முன்னணி, பின்னால் நிற்பது பின்னணி. அது ஆட்களைக் குறிக்கும் சொல், இடத்தை அல்ல. அதனால்தான் கட்சிகள் சேர்ந்தால் முன்னணி என்பது பொருந்துகிறது. 'தேசிய முன்னணி'யைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்ட மலேசியத் தமிழர் காதில் 'உள்நாட்டு முன்னணி' இன்னொரு கூட்டணியாகத்தான் விழும். தமிழ்நாட்டுக்காரருக்கு முன்னணி நடிகர், முன்னணி நிறுவனம் ஞாபகம் வரும். ரேஷன் வரிசையில் கால்கடுக்க நிற்கும் பெண் யாருக்கும் வரமாட்டாள்.

"அப்படியானால் 'உள்நாட்டுப் போர்முனை' என்று போடுங்கள்" என்றார் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நண்பர். இது அதைவிட மோசம். உள்நாட்டுப் போர் என்றால் ஒரே நாட்டுக்குள் அடித்துக்கொள்வது. லண்டன்வாசிகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள் என்றாகிவிடும்.

'ஊர்முனை' எனக்கு ஒரு வாரம் பிடித்திருந்தது. போர்முனையில் சிப்பாய், ஊர்முனையில் குடும்பம். எதுகை என்னவோ சுகமாக இருக்கிறது. ஆனால் ஊர்முனை என்றதும் ஆலமரமும் டீக்கடையும் கண்முன் வந்து நிற்கின்றன. விட்டுவிட்டேன்.

நான் எழுதுவது 'உள்முனை'. முனை பழைய சொல். அறுபத்து மூவரில் ஒருவர் பெயரே முனையடுவார். தோற்றவர்களுக்காகக் கூலிக்குப் போரிட்டு, கிடைத்த பொன்னில் அடியாருக்கு அமுதளித்தவர். போர்முனையைக் கேட்ட காது உள்முனையையும் புரிந்துகொள்ளும். உள்துறை இருக்கிறதே, அதன் பக்கத்தில் உள்முனை உட்கார்ந்தால் என்ன குறை? பேனா முனை, தெருமுனை எல்லாம் இருப்பது தெரியும். போர் பற்றிய பத்தியில் யாரும் பேனாவைத் தேடமாட்டார்கள்.

பினாங்குக்காரருக்கு இதை விளக்க லண்டன்வரை போகவே வேண்டாம். 1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ்டவுன்மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. சில நாளில் வெள்ளைக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேறிவிட்டார்கள். ஊரைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு திரண்டது; தலைமை 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர் எம். சரவணமுத்து. கார்ன்வாலிஸ் கோட்டையிலிருந்து பிரிட்டிஷ் கொடியை இறக்கியவரும் அவரே. அரசாங்கம் ஓடிய பிறகும் ஊர் நடந்ததே, அது உள்முனை. அப்புறம் ஜப்பான்காரன் காலம் முழுக்க மரவள்ளிக்கிழங்கை அவித்தும் மாவாக்கியும் பிள்ளைகளை வளர்த்தாளே என் பாட்டி, அதுவும்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே விளக்கத்தாளில், 1943 நவம்பரில் பிரிட்டனில் வூல்டன் பிரபு ஏற்ற பொறுப்பு (ஆங்கிலத்தில் Minister of Reconstruction) 'மறுகட்டுமான அமைச்சர்' என்று இருந்தது. செங்கலும் சிமெண்டும் கணக்குப் பார்க்கவா அவரைப் போட்டார்கள்? சமாதானம் வந்தபின் வேலை, காப்புறுதி, மருத்துவம், வீடு எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே திட்டம் போடத்தான். 'மறுசீரமைப்பு' என்ற நல்ல சொல் கையிலிருக்கும்போது கொத்தனாரை ஏன் கூப்பிட வேண்டும்? அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். இரண்டாவது பொருளைப் பார்க்க அரை நிமிடம் ஆகாது.

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி ஏற்பாட்டாளர்களுக்கு அனுப்பினேன். நன்றி சொல்லிப் பதிலும் போட்டார்கள். போன வாரம் புதுத்தாள் வந்தது. 'உள்நாட்டு' போய்விட்டது. இப்போது 'தாயக முன்னணி'.