அடுக்களைத் துப்பறிகதை: சொல் விளக்கம்

ஏரியையோ கடலையோ ஒட்டிய ஒரு சின்ன ஊர். ஊருக்கு நடுவில் ஒரு பேக்கரி. காலையில் ரொட்டி வாங்க வருகிறவர்கள் முதல்நாள் வம்பையெல்லாம் அங்கே இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் ஊரில் ஒரு கொலை விழுகிறது. போலீஸ் ஒரு பக்கம் விசாரிக்க, மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டு பேக்கரிக்காரம்மாவும் விசாரிக்கக் கிளம்புகிறார். கதைக்கு நடுநடுவே கேக், பிஸ்கட் செய்முறைகளும் அளவோடு அச்சாகியிருக்கும். இந்த வகை நாவலுக்கு ஆங்கிலத்தில் 'கலினரி கோஸி மிஸ்டரி' என்று பெயர்.

'கோஸி' ஸ்காட்லாந்துப் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். குளிருக்கு அடக்கமாக, கதகதப்பாக இருப்பதைக் குறிக்கும். நார்வே மொழியிலும் இதன் உறவுச் சொல் உண்டு. தேநீர் ஆறாமலிருக்கக் கெண்டிக்குப் போர்த்தும் துணியுறைக்கும் 'டீ கோஸி' என்றே பெயர். தேநீருக்கும் இந்தக் கதைகளுக்கும் அவ்வளவு ஒட்டுறவு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய பகுதியில் இத்தகைய கதைகளுக்காக 1989 முதல் கூடும் 'மாலிஸ் டொமஸ்டிக்' மாநாட்டில் வழங்கும் அகதா விருது, உருவத்தில் ஒரு தேநீர்க் கெண்டிதான்.

கதையில் கொலை நடக்கும். ஆனால் கண்ணெதிரே நடக்காது. ரத்தத்தை விவரிக்க மாட்டார்கள். துப்புத் துலக்குகிறவர் அதைத் தொழிலாகச் செய்கிறவர் அல்ல. நம் தமிழ்வாணனின் சங்கர்லாலும் தேநீர் குடித்துக்கொண்டு யோசிப்பவர்தான். ஆனாலும் அவர் துப்பறியும் நிபுணர் என்பதால் இந்த வரிசையில் சேர மாட்டார். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் சேருவார்: கிராமத்தில் பின்னல் வேலை செய்துகொண்டு அக்கம்பக்கத்தைக் கவனிக்கும் முதிய பெண்மணி. கிறிஸ்டி பிறந்தது டார்க்கீ என்ற கடலோர ஊரில். முதல் உலகப் போரின்போது அங்கேயே மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து விஷங்களைப் பற்றிக் கற்றார். 1920இல் வந்த அவருடைய முதல் நாவலிலேயே கொலைக் கருவி ஸ்ட்ரிக்னின். விஷம் என்று வந்துவிட்டால் யார் சமைத்தார், யார் பரிமாறினார், யார் தொடாமல் வைத்தார் என்பவைதானே முதல் கேள்விகள்? துப்பறியும் கதை அடுக்களைக்குள் நுழைந்த வழிகளில் இது முக்கியமானது.

தண்ணீர்க்கரை ஊருக்கும் காரணம் உண்டு. ஒரு பக்கம் தண்ணீர் என்றால் ஊர் அந்த மட்டில் அடைபட்டுவிடுகிறது. வந்து போகிறவர்கள் கண்ணில் படுவார்கள். சந்தேகப்பட வேண்டியவர்களை எண்ணிவிடலாம். 1984 முதல் 1996 வரை ஓடிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக, மெய்ன் மாநிலத்தில் இருப்பதாகக் கற்பனை செய்த மீனவ ஊர்தான் கேபட் கோவ். ஒரு சிற்றூரில் இத்தனை கொலைகளா என்ற கேள்விக்கு 'கேபட் கோவ் நோய்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். சமையல் வகையில் ஜோன் ஃப்ளூக் என்ற எழுத்தாளர் 2000இல் தொடங்கிய நாவல் வரிசை பெயர்போனது. மினசோட்டாவின் லேக் ஈடன் என்ற கற்பனை ஊரில் ஹானா ஸ்வென்சன் பேக்கரி நடத்துகிறார். முதல் கதையில் பால் பண்ணையின் வண்டிக்காரர் பேக்கரிக்குப் பின்னால் கொலையுண்டு கிடக்கிறார். சுற்றிலும் ஹானா சுட்ட பிஸ்கட்டுகள் சிதறியிருக்கின்றன. உணவு இங்கே அலங்காரம் அல்ல, தடயம்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? 'சமையல் மர்மக்கதை' என்றால் சாம்பார் மணப்பதற்கு ரகசியம் சொல்லும் புத்தகம் என்று தோன்றும். மேலும் 'மர்மம்' வடசொல். உடம்பில் அடிபட்டால் உயிருக்கு ஆபத்தான இடத்தைக் குறித்துப் பிறகு ரகசியத்துக்கு ஆனது. குமரி மாவட்ட ஆசான்கள் சொல்லும் வர்மமும் அதுவே. மர்மம் ஒளிந்திருப்பதைச் சொல்கிறது. இந்தக் கதைகளின் சுவையோ கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அதற்குத் துப்பு என்ற சொல்தான் சரி.

துப்பு என்றதும் நமக்குத் தடயம் நினைவுக்கு வரும். 'துப்புக் கெட்டவன்' என்று திட்டும்போது அது திறமை. குறள் 862இல் அது வலிமை. ஆனால் குறள் 12ஐப் பாருங்கள்:

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை.

உண்பவர்களுக்கு நல்ல உணவை விளைவித்துக் கொடுத்து, தானும் உணவாவது மழை. இங்கே துப்பு என்றால் உணவு. உணவுக்கும் தடயத்துக்கும் ஒரே வடிவில் சொல் வைத்திருக்கும் மொழியில், உணவையே தடயமாக்கும் கதைக்குப் பெயர் தேடி எங்கே போக வேண்டும்?

'கலினரி' என்பது சமையற்கட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. அதற்கு நேரான தமிழ்ச் சொல் அடுக்களை. அதன் வேரான 'அடு' இன்னும் வியப்பானது. அடுதல் என்றால் சமைத்தல். அடுதல் என்றால் கொல்லுதலும்கூட. அடுப்பு, அட்டில், 'அட்டாலும் பால்சுவையிற் குன்றாது' என்ற மூதுரை வரி எல்லாம் சமையல் பக்கம். அடுபோர், அடுகளிறு எல்லாம் கொலைப் பக்கம். கலிங்கத்துப்பரணியில் இரண்டும் ஒரே இடத்தில் கூடுகின்றன: வீரர்கள் மாண்டு கிடக்கும் களத்தில் பேய்கள் கூழ் அடுகின்றன. செயங்கொண்டார் பாடிய அந்தப் பகுதியை வாசித்தவர்களுக்கு, அடுக்களையில் கொலை என்பது வெளியிலிருந்து வந்த கற்பனையாகத் தோன்றாது.

ஆகவே 'கலினரி மிஸ்டரி'க்கு 'அடுக்களைத் துப்பறிகதை' என்பதே என் பரிந்துரை. பேக்கரிக்கு 'அடுமனை' என்ற சொல் இன்று கடைப்பலகைகளிலேயே காணக் கிடைப்பதால், லேக் ஈடன் போன்றவற்றை 'அடுமனைத் துப்பறிகதை' என்று இன்னும் நெருக்கமாகச் சொல்லலாம். 'கோஸி'க்குக் 'கதகதப்பான' என்பது நம் ஊர் வெயிலுக்குப் பொருந்தவில்லை. கோடையில் யாருக்கு வேண்டும் கதகதப்பு? 'இதமான' என்பது இரு பருவத்துக்கும் பொருந்தும். 'ஏரிக்கரைச் சிற்றூரில் நடக்கும் இதமான அடுக்களைத் துப்பறிகதை' என்று ஒரு நூலை அறிமுகப்படுத்தினால், ஆங்கிலப் பெயரைக் கேள்விப்படாத வாசகருக்கும் உள்ளே என்ன இருக்கும் என்பது விளங்கிவிடும்.