ஒரே ஓர் எழுத்து கூடினால்

பினாங்கில் இருக்கும் என் அக்கா மகன் படிவம் 4 (பத்தாம் வகுப்பு மாதிரி) படிக்கிறான். பள்ளியில் எடுத்த தலசீமியா (ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை நோய்) ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்து, மரபணுச் சோதனை வரைக்கும் போய், கடைசியில் கைக்கு வந்த தாளில் ‘பீட்டா தலசீமியா கேரியர், கோடான் 8/9, +ஜி’ என்று இருந்தது (கேரியர் என்றால் பழுதான மரபணு ஒன்றைச் சுமப்பவர்). அக்கா அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இந்த +ஜி என்னடா, என்னமோ கூடிப்போச்சா?” என்று கேட்டாள். ஆமாம், ஓர் எழுத்து கூடிப்போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அது சின்ன விஷயம் இல்லை.

நம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலிகள், அதில் இரண்டு பீட்டா குளோபின். அதற்கான மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. செல் அதை எம்ஆர்என்ஏ என்ற நகலாக எடுத்து உட்கருவுக்கு வெளியே அனுப்புகிறது. வெளியே புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோம் அதைப் பிடித்து, ஏ, யு, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கிறது. ஒவ்வொரு மூன்றும் ஒரு கோடான். அதற்குப் பொருத்தமான அமினோ அமிலத்தை (புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி) டிஆர்என்ஏ என்ற சின்ன மூலக்கூறு சுமந்து வர, ரைபோசோம் அதை முந்தையதோடு கோர்க்கிறது, நொடிக்கு ஏறக்குறைய 5 வீதம். அரை நிமிடத்தில் ஒரு பீட்டா குளோபின் தயார்! (இந்த ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். எனக்கு இன்றைக்கும் பெருமை.)

இதில் முக்கியமானது, எம்ஆர்என்ஏவில் சொற்களுக்கு நடுவே இடைவெளியே கிடையாது. ஏ-யு-ஜி என்ற இடத்தில் எண்ணத் தொடங்கினால் யு-ஏ-ஏ, யு-ஏ-ஜி, யு-ஜி-ஏ என்ற மூன்று நிறுத்தக் குறிகளில் ஒன்று வரும்வரை எண்ணிக்கைதான் எல்லாம்.

அக்காவுக்கு நான் இப்படித்தான் எழுதிக் காட்டினேன். ஒற்றையும் ஓர் எழுத்தாக எண்ணினால் ‘தம்பி கடலை வாங்கி வந்து கொடேன்’ என்பதில் எல்லாமே மூன்றெழுத்துச் சொற்கள். ‘ட’ போய் ‘வ’ வந்தால் கடலை கவலை ஆகிவிடும், ஆனால் மற்ற சொற்கள் தப்பித்துவிடும். அரிவாள் செல் நோயில் நடப்பது இதுதான், 6-ஆம் கோடானில் ஜி-ஏ-ஜி ஜி-யு-ஜி ஆகிறது, ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறுகிறது. (அந்த ஒன்றே போதும் சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளைக்க.) இங்கே மலேசியாவில் மலாய்க்காரர்களிடம் அதிகமாகக் காணப்படும் ‘ஹீமோகுளோபின் ஈ’ என்ற மாறுபட்ட வகையும் 26-ஆம் கோடானில் ஓர் எழுத்து மாறுவதால் வருவது. சில மாற்றங்களில் ஒன்றுமே ஆகாது, ஜி-ஏ-ஏ என்று எழுதினாலும் ஜி-ஏ-ஜி என்று எழுதினாலும் வருவது குளூட்டாமிக் அமிலம்தான்.

ஆனால் தம்பிக்குப் பக்கத்தில் ஒரு ‘ம’ கூடுதலாக நுழைந்தால்? தம்பி, மகட, லைவாங், கிவந், துகொடே, ன். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் மிஞ்சவில்லை.

மருமகனின் மரபணுவிலும் இதேதான். 8-ஆம் கோடானிலிருந்து ஏ-ஏ-ஜி, யு-சி-யு, ஜி-சி-சி, ஜி-யு-யு என்று ஓட வேண்டியது, ஒரு ஜி நுழைந்ததால் ஏ-ஏ-ஜி, ஜி-யு-சி, யு-ஜி-சி, சி-ஜி-யு என்று ஆகிவிட்டது. செரின், அலனின், வாலின் என்ற அமினோ அமிலங்கள் வர வேண்டிய இடத்தில் வாலின், சிஸ்டீன், ஆர்ஜினின். அப்படியே தடம் மாறி ஓடி, 22-ஆவது இடத்தில் யு-ஜி-ஏ வந்து நிற்கிறது. 146 அமினோ அமிலம் இருக்க வேண்டிய சங்கிலி 21-இலேயே அறுந்துபோகும். இந்திய வம்சாவளியினரிடம் பரவலாக உள்ள சில பிறழ்வுகளில் இதுவும் ஒன்று.

சரி, பையன் எப்படிப் பந்து விளையாடுகிறான்? 11-ஆம் குரோமோசோம் இரண்டு இருக்கிறதே, இன்னொன்றில் எழுத்து சரியாக இருக்கிறது. சிவப்பணு கொஞ்சம் சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். கல்யாணப் பேச்சு வரும்போது பெண்ணுக்கும் பரிசோதனை செய்யச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இருவருமே பீட்டா தலசீமியா கேரியராக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் முழுதாக வர நான்கில் ஒரு வாய்ப்பு.

அப்புறம் அந்த இரும்பு மாத்திரை. ரத்தம் குறைவு என்று கேட்டதுமே அக்கா ஒரு டப்பா வாங்கி வைத்துவிட்டாள். இங்கே குறை இரும்பில் இல்லை, எழுத்தில். ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் புரதம்) அளவு பார்த்து டாக்டர் சொல்லும்வரை அதைத் திறக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.