ரேட்டிங்: விமானியின் உரிமத்தில் ஏறும் தகுதிப் பதிவு

ரேட்டிங் என்றதும் நமக்கு நட்சத்திரங்களும் மதிப்பெண்ணும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பழக்கத்தில் விமானியின் உரிமத்தில் வரும் 'டைப் ரேட்டிங்' என்பதை 'வகை மதிப்பீடு' என்றோ 'வகைத் தரவரிசை' என்றோ எழுதினால் பொருளே மாறிவிடும். இங்கே யாரும் விமானிக்கு மதிப்பெண் போடுவதில்லை.

ரேட் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'ரட்டா'. கணக்கிட்டு வரையறுத்தது என்று பொருள். பிரிட்டிஷ் கடற்படையில், ஒரு மாலுமிக்கு என்ன நிலை என்று கப்பல் பதிவேட்டில் எழுதியதையும் ரேட்டிங் என்றார்கள். விமானத்துறையின் பொருள் இதற்குத்தான் நெருக்கம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தரும் வரையறையும் அப்படித்தான்: உரிமத்தில் பதியப்பட்டு, அதன் பகுதியாகவே ஆகி, அதற்குரிய சிறப்பு நிபந்தனைகளையும் உரிமைகளையும் வரம்புகளையும் சொல்லும் அனுமதி.

லைசென்ஸ் என்பதில் சிக்கல் இல்லை. 'அனுமதி உண்டு' என்ற பொருளுடைய 'லிசெட்' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் உரிமம், இலங்கையில் அனுமதிப்பத்திரம்.

இந்தியாவில் விமானி உரிமங்களை வழங்குவது டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம். அடிப்படை, 1937ஆம் ஆண்டு விமான விதிகள். மாணவர் உரிமத்துக்கு 16 வயது நிரம்ப வேண்டும். தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயது, 40 மணி நேரப் பறத்தல். அதை வைத்துக் காசு வாங்கிக்கொண்டு பறக்க முடியாது. வேலைக்குப் போக வணிக விமானி உரிமம் வேண்டும்: 18 வயது, 200 மணி நேரம், அதில் 100 மணி நேரம் தானே தலைமை விமானியாகப் பறந்திருக்க வேண்டும், முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் தேவை. பெரிய பயணிகள் விமானத்தில் கேப்டன் ஆக 21 வயதும் 1,500 மணி நேரமும் கேட்கும் ஏடிபிஎல் (விமானப் போக்குவரத்து விமானி உரிமம்) வேண்டும்.

சரி, வணிக உரிமம் கையில் இருந்தால் ஏர்பஸ் ஏ320 ஓட்டலாமா? முடியாது. செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் 200 மணி நேரம் பறந்தவர், ஏ320க்கான தொழில்நுட்பத் தேர்வு எழுதி, சிமுலேட்டரில் பயின்று, பறத்தல் சோதனையிலும் தேறினால்தான் அந்த விமானத்தின் பெயர் அவர் உரிமத்தில் ஏறும். அதுதான் டைப் ரேட்டிங். ஏ320க்கு வாங்கிய பதிவு, அதே குடும்பத்து ஏ319, ஏ321 விமானங்களுக்கும் செல்லும். போயிங் 737க்குச் செல்லாது. உரிமம் என்ன வேலை செய்யலாம் என்கிறது. பதிவு எந்த விமானத்தில், எந்தச் சூழலில் என்கிறது.

சூழலுக்கு எடுத்துக்காட்டு, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். அது இல்லாதவர் வெளியே கண்ணால் பார்த்துத்தான் பறக்க வேண்டும். மேகத்துக்குள் நுழையக் கூடாது. இருப்பவர் கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கலாம். ஒருமுறை வாங்கினால் போதும் என்றில்லை, குறித்த காலத்துக்குள் மறுபடியும் சோதனையில் தேற வேண்டும்.

ஆகவே ரேட்டிங் என்பதற்குத் 'தகுதிப் பதிவு' என்பதே பொருந்தும் என்று நினைக்கிறேன். டைப் ரேட்டிங் 'வகைத் தகுதிப் பதிவு', இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் 'கருவிவழிப் பறத்தல் தகுதிப் பதிவு'. நீளம்தான். அதற்காகப் 'பதிவு' என்பதை வெட்டிவிட்டால் கல்வித் தகுதியோடு குழம்பும். வேலை விளம்பரங்களில் இரண்டையுமே கேட்கிறார்கள்.